பஸ் எரர் பரம்பரை

எல்லாப் புராணங்களையும் போல இதுவும் ஒரு சாபத்தில்தான் ஆரம்பிக்கிறது. சாபம் கொடுத்தவர் முனிவர் அல்ல, ஐபிஎம். 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தபோது கூடவே ஒரு ஆசாரத்தையும் விதித்தார்கள். நான்கு பைட் எண் என்றால் நான்கால் வகுபடும் முகவரியில்தான் அது குடியிருக்க வேண்டும். எட்டு பைட் என்றால் எட்டால் வகுபட வேண்டும். மீறினால் நிரல் நின்ற இடத்திலேயே கல்லாகும்.

காரணம் கொடூரமானதல்ல, சோம்பல்தான். நினைவகத்தை நாம் பைட் பைட்டாக எண்ணினாலும் வன்பொருள் அதை வரிசை வரிசையாகத்தான் அள்ளுகிறது. பந்தியில் ஒருவர் இரண்டு இலைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் பரிமாறுகிறவர் என்ன செய்வார்? ஒன்று, இரண்டு இலையிலும் பாதிப் பாதி போட்டுச் சமாளிப்பார். அல்லது “எழுந்திருய்யா” என்பார். ஐபிஎம் இரண்டாவது கட்சி. 1970இல் சிஸ்டம்/370 வந்தபோது அவர்களே மனமிரங்கிப் பெரும்பாலான ஆணைகளுக்குச் சாப விமோசனம் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் சாபம் வேறு வீடுகளுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

அவற்றில் ஒன்று டெக் நிறுவனத்தின் பிடிபி-11. சி மொழி வளர்ந்த வீடே அதுதான். அங்கே ஒற்றைப்படை முகவரியில் இரண்டு பைட் சொல்லைக் கேட்டால் உடனே ட்ராப். யூனிக்ஸ் அதற்கு ‘பஸ் எரர்’ என்று பெயர் சூட்டியது. ஆகவே சி எழுதிய முதல் தலைமுறையிடம் ஒழுக்கம் இருந்தது. வேறு வழியில்லாத ஒழுக்கம். கெர்னிகனும் ரிட்சியும் 1978இல் வெளியிட்ட புத்தகத்தில் நினைவகம் பிரித்துக் கொடுக்கும் சின்ன நிரல் ஒன்று உண்டு. அதன் யூனியனுக்குள் ஒரு உறுப்பினர் இருக்கிறார். எந்த வேலையும் செய்வதில்லை, யாரும் அவரைக் கூப்பிடுவதும் இல்லை. எல்லோரும் சரியான முகவரியில் உட்கார வேண்டும் என்பதற்காக மட்டுமே அந்தப் பதவி. இலாகா இல்லாத அமைச்சர்களில் நாட்டுக்கு உபயோகமானவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவரே.

இதற்கிடையே கலிகாலமும் வந்துவிட்டது. 1977இல் அதே டெக் வேக்ஸ் என்ற கணினியைக் கொண்டுவந்தது. எங்கே வேண்டுமானாலும் உட்கார், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான் என்றது வேக்ஸ். அடுத்த ஆண்டு வந்த இன்டெல் 8086ம் அதே தாராளம். ஒற்றைப்படை முகவரிக்கு நான்கு கிளாக் அபராதம் கட்டினால் போதும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு தலைமுறையே வேக்ஸின் செல்லத்தில் வளர்ந்தது. கேரக்டர் பாயிண்டரைப் பிடித்து, இன்டிஜர் பாயிண்டராகக் காஸ்ட் செய்து, ஸ்டாரைப் போட்டு இழுத்தார்கள். ஓடியது. ஓடினால் சரி என்பது அன்றும் இன்றும் நம் தொழிலின் வேதம். ஹென்றி ஸ்பென்சர் என்ற நிரலாளர் சி எழுதுகிறவர்களுக்குப் பத்துக் கட்டளைகள் எழுதி, பத்தாவதில், உலகமே வேக்ஸ்தான் என்று நம்புவதை விடச் சொன்னார். மற்ற ஒன்பதையும் கேட்காதவர்கள் இதை மட்டும் கேட்பார்களா?

கேட்காதவர்களைத் திருத்தும் பொறுப்பை மோட்டோரோலா 68000 சிப் ஏற்றுக்கொண்டது. ஒற்றைப்படை முகவரியில் சொல்லைக் கேட்டால் ‘அட்ரஸ் எரர்’. ஆனால் அந்தச் சிப்பைப் பயன்படுத்திய கணினிகளில் அந்தச் செய்தியை வீட்டுக்கு வீடு வேறு பாணியில் சொன்னார்கள். மெக்கின்டாஷ் ஒரு வெடிகுண்டுப் படமும் 02 என்ற எண்ணும் காட்டியது. அட்டாரி எஸ்டி மூன்று குண்டுகளை வரிசையாக வைத்தது. பஸ் எரருக்கு இரண்டு, அட்ரஸ் எரருக்கு மூன்று, எண்ணிப் பார்த்துக்கொள். அமிகா சிவப்புக் கட்டத்துக்குள் ‘குரு தியானம்’ என்று எழுதிவிட்டு உயிரை விட்டது. மூன்றில் நிம்மதியாகச் செத்தது அதுதான்.

மிப்ஸ் சிப் செய்தவர்கள் வேறு ரகம். நடுவில் உட்கார்ந்தவனை இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி என்று அள்ள இரண்டு ஆணைகள் வைத்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். லெக்ஸ்ரா என்ற சிறு நிறுவனம் மிப்ஸ் போலவே ஒரு சிப் செய்தது. வம்பு வேண்டாமென்று அந்த ஆணைகளைச் சிப்பில் சேர்க்கவேயில்லை. அப்படியும் வழக்கு வந்தது. சிப்பில் இல்லாவிட்டால் என்ன, மென்பொருளால் அதே வேலையைச் செய்து காட்ட முடியுமே என்பது வாதம்! 2001இல் சமரசமானது.

இவர்கள் எல்லோரும் கத்தவாவது செய்தார்கள். பழைய ஏஆர்எம் சிப்கள் கத்தவில்லை. முகவரியைச் சரிபார்க்கும் சோதனை பிட் அணைந்திருந்தால், 1ஆம் முகவரியில் நான்கு பைட் கேட்டவனுக்கு 0ஆம் முகவரியில் இருந்ததை எட்டு பிட் சுழற்றி, சிரித்த முகத்தோடு கொடுத்தன. நிரல் விழாது, கணக்கு மட்டும் தப்பாகும். என் பட்டியலில் பாவிகளில் முதலிடம் இதற்குத்தான். ஏஆர்எம் லினக்ஸில் இதற்கென்றே ஓர் எண்ணை அமைக்கலாம். 1 என்றால் புலம்பு, 2 என்றால் சரிசெய், 4 என்றால் கொல். கூட்டியும் எழுதலாம். 3 என்றால் புலம்பிக்கொண்டே சரிசெய்யும். 5 என்றால் புலம்பிவிட்டுக் கொல்லும்.

எல்லாப் பழியும் நிரல் எழுதியவன் மேல் மட்டும் அல்ல. ஈதர்நெட் தலைப்பைப் பாருங்கள். போக வேண்டிய முகவரி 6 பைட், புறப்பட்ட முகவரி 6, வகை 2, ஆக 14. நான்கால் வகுபடாது. அதன் பின்னால் வரும் ஐபி தலைப்பு முழுவதும் இரண்டு பைட் தள்ளி உட்காரும். பேக்கெட் வந்தாலே கோணல்தான். லினக்ஸ் கண்ட பரிகாரம் எளிமையானது: முன்னால் இரண்டு பைட் காலியாக விடு.

இதையெல்லாம் இன்டெல்காரர்கள் பால்கனியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். “எங்கள் மெஷினில் ஓடுதே” என்றார்கள். அவர்கள் கணக்கைத் தீர்த்தது சிப் அல்ல, கம்பைலர். சரியாக அமையாத பாயிண்டர் வரையறைக்கு அப்பாற்பட்டது என்று சி தரநிலை முன்பே எழுதி வைத்திருந்தது. யாரும் படிக்கவில்லை, கம்பைலர் படித்தது. நான்கு எண்களை ஒன்றாகக் கூட்டும் எஸ்எஸ்இ ஆணைகளை அது தானே நுழைக்க ஆரம்பித்தது. அவற்றில் சில, 16ஆல் வகுபடாத முகவரியைப் பார்த்தால் நிரலையே சாய்க்கும். ஆண்டுக்கணக்காக ஓடிய லூப் திடீரென்று செக்மென்டேஷன் ஃபால்ட். பாயிண்டர் நல்லது, நினைவகம் நல்லது, பழி யார் மேல் போடுவதென்று தெரியாமல் கம்பைலரையே திட்டினார்கள்.

வைத்தியம் சப்பையானது. காஸ்ட் செய்யாதே, மெம்காப்பி என்ற கிழட்டு ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஒரு லோக்கல் வேரியபிளுக்குள் நகலெடு. “நான்கு பைட்டுக்கு ஒரு ஃபங்ஷனா!” என்று பதறுகிறவர் அசெம்பிளியைத் திறந்து பார்க்கலாம். இன்டெல்லில் கம்பைலர் அந்த மெம்காப்பியை அழித்துவிட்டு ஒரே ஒரு லோட் ஆணை வைத்திருக்கும். காஸ்ட் செய்தபோது எது இருந்ததோ அதேதான்.

இன்டெல்லுக்கும் மனசாட்சி இல்லாமல் இல்லை. 1989இல் வந்த 486இலேயே, கோணலைக் கண்டால் கத்தும் ஒரு பிட் உண்டு. ஆர்வக்கோளாறில் அதைப் போட்டுப் பார்த்தவர்கள் நிரலில் தங்கள் பிழை எங்கே என்று காத்திருந்தார்கள். அதற்கு முறை வருவதற்குள் சி நூலகமே விழுந்துவிட்டது.