கரிசலுக்கு சிசி தெரியாது, மருமகனே

வாரும் மருமகனே, வாரும். பெங்களூர்ல இருந்து ராத்திரியோட ராத்திரியா ஒரே மூச்சுல வந்துட்டீராமே. விடியக்காலம் நாலு மணிக்கு எட்டூர்வட்டம் டோல்கேட்டைத் தாண்டியாச்சுன்னு ஓட்டிக்கிட்டே அத்தைக்குப் போன் போட்டீராம். அந்தத் திறமை எல்லாருக்கும் வாய்க்காது. போனை வச்சவ அதுக்கப்புறம் படுக்கவேயில்ல, ஊர்ல இருக்கிற சாமியை எல்லாம் எழுப்பிட்டா.

செல்லுல ஒரு வீடியோ காட்டினீரே, பனியில வண்டி ஓட்டுறது எப்படின்னு. டயருக்குச் சங்கிலி கட்டணுமாம். சரிதான். நம்ம பைபாஸ்ல போற 44-ம் நம்பர் ரோடு ஸ்ரீநகர்ல பிறந்து கன்னியாகுமரியில முடியுது. அந்த முனையில பனிஹால் பக்கம் பனி கொட்டினா ரோட்டையே மூடிருவாங்க. 2021-ல எட்டரைக் கிலோமீட்டருக்கு மலையைக் குடைஞ்சு வழி விட்டிருக்காங்க, அப்படியும் குளிர்காலத்துல அந்தச் சீமையில சங்கிலி வேண்டியிருக்கு. ரோடு ஒண்ணுதானேன்னு நீரும் இங்க கட்டிக்கிட்டு வந்துராதேயும். கட்டுத்தறியில கிடக்குன்னு நினைச்சு எவனாவது அவுத்துவிட்டுருவான்.

நமக்கு ஐஸ் வேண்டாம், கரிசல் போதும். கோடையில கை நுழையுற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். ஐப்பசியில ரெண்டு மழையைக் குடிச்சதும் ஊதிப் பொங்கும். வருசாவருசம் இப்படி ஊதுறதும் சுருங்குறதுமா இருந்தா மேல கிடக்கிற தார்ரோடு என்ன செய்யும்? அலை அலையா நெளிஞ்சு, ஓரம் இடிஞ்சு தொங்கும். காண்ட்ராக்டரை முழுசாத் திட்டாதேயும், பாதி திட்டும். மீதி மண்ணுக்குச் சேரணும்.

காட்டைவிட்டு ஏறுற டிராக்டர், சக்கரத்துல அப்பின மண்ணை ரோடு நெடுக உதறிக்கிட்டே போகும். காய்ஞ்சு கிடக்கிற வரைக்கும் அது வெறும் கட்டிதான். மேல ஒரு தூத்தல் விழுந்துச்சோ, விளக்கெண்ணெய் ஊத்தின மாதிரி ஆயிரும். உம்ம வண்டி 350 சிசியாமே. கரிசலுக்கு சிசி தெரியாது. குறுக்கு வழின்னு வண்டிப்பாதையில இறக்கிப் பாரும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல மண் இறுகி, சக்கரம் சுத்த மாட்டேன்னு நின்னுக்கிடும். அப்புறம் குச்சி எடுத்துத் தோண்டணும். தோண்டுற ஆளைப் பாத்து "என்ன மாப்ளே, புதையலா?"ன்னு கேக்காமப் போற பழக்கம் நம்ம ஊருக்குக் கிடையாது. அதனால மண் கிடக்கிற இடத்தைத் தூரத்துலயே பாத்து வேகத்தைக் குறையும். மேல ஏறினப்புறம் பிரேக்கை வெடுக்குன்னு பிடிக்காதேயும், ஹேண்டில்பாரைத் திருப்பாதேயும். வளைவுன்னா அதுக்கு முந்தியே குறைச்சிரணும், வளைவுக்குள்ள போய் யோசிக்கக் கூடாது.

அடுத்தது மார்கழி தைப் பனி. ராத்திரி மேகமில்லாம வானம் தெளிஞ்சு கிடந்தா ஈரத்தரை சூட்டை விட்டுட்டுக் குளிர்ந்து போகும். விடியறப்ப கண்மாய்க்கரை பூரா மூடாக்குத்தான். அப்ப நீரு ஹைபீம் போடுவீரு. அந்த வெளிச்சம் பனியில பட்டு உம்ம கண்ணுக்கே திரும்பி வரும். எதிர்க்க வாரவனும் குருடு, நீரும் குருடு, ரெண்டு பேருக்கும் சமநீதி. டிம்முல போடும். எம்பதுல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடுது வண்டி. முன்னால முப்பது மீட்டர்தான் தெரியுதுன்னா மிச்சக் கணக்கை நீரே போடும், இன்ஜினியரிங் படிச்சவரு. ஹெல்மெட் கண்ணாடி மங்கினா லேசாத் திறந்து வையும், மூச்சு வெளிய போகட்டும். கழத்தி டேங்க் மேல வைக்காதேயும். டேங்குக்குத் தலை கிடையாது.

அந்த நேரத்துல ரோடு காலியா இருக்கும்னு யாரு சொன்னது? தீப்பெட்டி ஆபீசுக்குப் பொம்பளையாட்களை ஏத்த வேன் ஊர் ஊரா நின்னு நின்னு போகும். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போறவங்க பச்சை வேட்டியோட நடக்காங்க. பனிக்குள்ள பச்சை எங்க தெரியுது? முதுகுப்பையில மினுங்குற ஸ்டிக்கர் ஒட்டினவங்க புத்திசாலிங்க. முருகன் பாத்துக்கிடுவான்னு அவங்க நடக்காங்க, முருகன் பாத்துக்கிடுவான்னு நீரு ஓட்டுறீரு. அவரு ஒருத்தரு, எத்தனை பக்கம்தான் பாப்பாரு?

தண்ணியையும் சொல்லிருதேன். 2023 டிசம்பர் 17, 18-ல நம்ம ஜில்லாவுல பேஞ்சதை மறந்திருக்க மாட்டீரு. காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல இருந்து மெட்ராஸ் போற ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல சனங்களோட முடங்கிப் போச்சு. ரயிலே நின்ன தண்ணி அது. தரைப்பாலத்து மேல கலங்கத்தண்ணி ஓடுனா, அடியில பாலம் இருக்கா, அரிச்சுக்கிட்டுப் போயிருச்சான்னு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரு அடி ஓட்டத்தண்ணி சின்னக் காரையே தூக்கிரும். முன்னால பஸ் போயிருச்சேன்னு பின்னாலயே நுழையுறாங்க சில பேரு. பஸ்ஸோட எடை உமக்கு இருக்கா? அக்கரையில நிக்கிற பொண்ணு எங்கயும் போயிராது, வடியட்டும்.

அறுப்பு முடிஞ்சா உளுந்து, பாசி, குதிரைவாலி, மக்காச்சோளம் எல்லாம் ரோட்டுக்கு வந்துரும். களத்தைவிடத் தார்ரோடு வசதி. சூடா இருக்கு, வாடகை இல்ல, போற வார வண்டியே மிதிச்சுக் குடுத்துரும். போலீஸ் சொல்லத்தான் செய்யுது, யாரு கேக்கா? மணி மேல பைக் ஏறினா சக்கரம் உருளும், பிரேக் பேச்சைக் கேக்காது. தட்டை கார் அடியில சுத்திக்கிட்டா சூட்டுல தீயே பிடிக்கும். எல்லாத்தையும்விட ராத்திரி தார்ப்பாய் பறக்காம இருக்க வச்சுட்டுப் போற கல்லு இருக்கே, அதுதான் எமன். பொறுப்பு கெட்ட சனங்க! நம்ம ஊர் முக்குல பரப்பிக் கிடக்கிற உளுந்து யாருதுன்னு மட்டும் கேக்காதேயும்.

விழுந்தாலும் பயமில்லைம்பீரு. 2021-ல இருந்து "நம்மைக் காக்கும் 48"னு ஒரு திட்டம் இருக்கு, அடிபட்டவனுக்கு முதல் 48 மணி நேர வைத்தியத்தை அரசாங்கம் பாத்துக்கிடுது. நல்ல திட்டம், கும்பிடணும். ஆனா 49-வது மணியில இருந்து கட்டில் பக்கத்துல உக்காந்து பேசப் போறது உங்க அத்தை. அதுக்கு எந்தச் சர்க்காரும் நிவாரணம் அறிவிக்கல.

பெங்களூருக்குத் திரும்புறப்ப வெயில் ஏறினப்புறம் கிளம்பும். ஆபீஸ்ல கேட்டா மாமன் விடலைன்னு சொல்லும். இப்ப பொழுது அடையப் போகுது, அந்த உளுந்தை அள்ளணும். சாக்கு பிடிக்க உங்க அத்தை வருவா. நீரு அந்த மினுங்குற ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு முக்குல நின்னு, வாரவனை எல்லாம் மெதுவாப் போகச் சொல்லும். கிழவன் சொன்னா எவன் கேக்கான்?