பகிர்ந்துண்ணும் நீர்நாய்

சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்கா ஓரமாக 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கால்வாய், மழைத்தண்ணீரைக் கடத்துவதைத் தவிர வேறு சோலி இல்லாமல் கிடந்தது. அதை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக்கி 2012-இல் திறந்தார்கள். கரையில் புல், செடி, கூழாங்கல். மனிதரும் பறவையும் பூச்சியும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நிஜமாகவே சொல்கிறேன்.

இப்படிப்பட்ட திட்டங்களின் வரைபடத்தில் மரம் நிற்கும், மனிதர் நடப்பார், கொக்கு ஒற்றைக்காலில் தவமிருக்கும். யாருக்கும் பசிக்காது.

ஆற்றுக்கு வந்த நீர்நாய்களுக்குப் பசித்தது. 'பகிர்தல்' என்ற சொல்லையும் அவை கொஞ்சம் தாராளமாகவே புரிந்துகொண்டன. பிள்ளைகுட்டியோடு பெருகி, ஊரே கேமராவும் கையுமாகப் பின்தொடரும் நட்சத்திரங்களாகி, கடைசியில் தனியார் வீடுகளின் அலங்காரக் குளங்களுக்கும் விருந்துக்குப் போய்விட்டன. கோய் மீனின் விலையை அவற்றிடம் யார் சொல்வது? மீன் என்றால் மீன்.

நேற்று "ஐயோ, என்ன அழகு!" என்று படம் பிடித்தவர் இன்று குளத்தைச் சுற்றி வலை கட்டுகிறார். எதிர்க்கரையில் குடும்பமாக உட்கார்ந்து, வலையில் எங்கே இடைவெளி என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் பயனாளிகள்.