உதடு மூடினால் 'ம'

கேள்வி: மம்பிள், மட்டர், மர்மர், ஸ்டாமர், ஸ்டட்டர்… தெளிவில்லாத பேச்சுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொற்கள்? ஒன்று போதாதா?

பதில்: போதாது. பேச்சு ஒரே விதமாகவா குழறுகிறது? வாயைச் சரியாகத் திறக்காமல் பேசினால் மம்பிள். பிறர் காதில் விழக்கூடாதென்று எரிச்சலை அடக்கிப் பேசினால் மட்டர். மர்மர் மென்மையானது, காதலருக்கும் ஓடைக்கும் பொது. மூன்றும் 'ம'வில் தொடங்குகின்றன. உதடு மூடாமல் 'ம' பிறக்காது. ஆகவே சொல்லே செயலை நடித்துக் காட்டுகிறது. தற்செயல் என்று சிலர் மறுக்கலாம். மர்மர் லத்தீனிலிருந்து வந்த இரவல், அதைத் தள்ளிவிடுவோம். ஆங்கிலத்தோடு உறவே இல்லாத தமிழில் முணுமுணுப்பும் முனகலும் எப்படி வந்தன? காது ஒன்றுதான், மொழிதான் வேறு.

'மீதியுள்ள ஸ்டாமரும் ஸ்டட்டரும் வெறும் தயக்கம்தானே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இவை இரண்டும் திக்குதல் என்ற ஒரே நிலைக்கான பெயர்கள். முன்னது பிரிட்டனிலும் பின்னது அமெரிக்காவிலும் அதிகம் வழங்குகிறது. திக்குபவருக்குச் சொல்ல வேண்டியது நன்றாகத் தெரியும், ஒலிதான் வழிவிடுவதில்லை. அவரைத் தயங்குபவர் பட்டியலில் சேர்ப்பது தவறு. அவர் வாக்கியத்தை நாம் முந்திக்கொண்டு முடித்துவைப்பது அதைவிடத் தவறு.