கீரியில்லாக் கீரிமலை

கேள்வி: லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளை ஒருநாட் பொழுதுக்கு எங்கே கூட்டிச் செல்லலாம்?
- சுன்னாகம் வாசகர்

பதில்: ஐயா, பிரைட்டன் நகரத்துக் கூழாங்கற் கரையிலே கம்பளிச் சட்டையோடு நின்று சமுத்திர தரிசனம் செய்து பழகிய அக்குழந்தைகளை, கீரியும் இல்லாத, மலையென்று சொல்லத்தக்க உயரமும் இல்லாத நமது கீரிமலைக்கே முதலில் அழைத்துச் செல்லுங்கள். சுவருக்கு அப்பால் உப்புக்கடல் ஆர்ப்பரிக்க, இப்பால் கேணியிலே நன்னீர் ஊறுவது எப்படியென்று அவர்கள் வினவுவது நிச்சயமாகையால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் மழைநீரை உறிஞ்சி நிலத்தடியே கடல்வரை நடத்திவரும் விருத்தாந்தத்தை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வது அம்மப்பாமாரின் கௌரவத்துக்கு உகந்தது. அடுத்தது புத்தூர் நிலாவரை: இராமபாணம் துளைத்த அடியற்ற கிணறென்பது ஐதிகம், அளந்தவர்களோ, இரக்கமில்லாமல், அடியைக் கண்டுவிட்டார்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்ற ஆச்சரியமாவது மிஞ்சியிருக்கிறதே!

மாலையிலே யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் பறித்த கதையை நீங்கள் முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் ஞாபகம் வந்துவிடும். நெடுந்தீவுக் குதிரைகளை மட்டும் வேறொரு நாளைக்கு ஒத்திவையுங்கள். அத்தீவுக்குச் செல்லும் குறிகட்டுவான் படகிலே முதலில் தலைசுற்றி உட்காருபவர் பேரப்பிள்ளையாய் இருக்கமாட்டார்.