தக்காளியின் தோளும் வாங்குவோரின் கட்டைவிரலும்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் ‘அந்தக் காலத்துத் தக்காளி’ என்பது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டில், குழம்பு முடிந்து ரசம் ஊற்றும் கட்டத்தில் பேச்சுக்கு வருகிறது. அதன் இலக்கணம் தெளிவானது. இரண்டு பழம் போட்டால் ரசத்துக்குப் புளி வேண்டாம். வாசம் மூன்றாம் வீடு வரை போகும். அது விளைந்த காலம்தான் தெளிவாக இல்லை. எழுபது வயதுக்காரர் அதை 1960களில் வைக்கிறார். நாற்பது வயதுக்காரர் 1990களில் வைக்கிறார். மூத்தவர் ‘ருசி செத்துப்போச்சு’ என்று கைவிட்ட அதே 1990களின் தக்காளிதான் இளையவருக்குப் பொற்காலம். இருவரும் தத்தம் பத்து வயதையே சுட்டுகிறார்கள் என்பதைக் கணக்கிட ஆய்வுக்கூடம் தேவையில்லை.

இதிலிருந்து பிறந்ததே நாக்குவாதம்: காய் மாறவில்லை, தின்பவரே மாறினார். இதற்கு உடலியல் சான்று உண்டு. ருசி என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. அறுபதைத் தாண்டினால் பலருக்கு மோப்பம் மங்குகிறது. ஆயினும் இவ்வாதம் வீடுகளில் உரக்கச் சொல்லப்படுவதில்லை. சொன்னவருக்கு இரண்டாம் முறை ரசம் கிடைப்பதில் சிக்கல் எழுகிறது. தவிர, நாட்டுத் தக்காளியையும் கடையில் ‘பெங்களூர்’ என்றோ ‘ஆப்பிள்’ என்றோ அழைக்கப்படும் கெட்டித் தக்காளியையும் அருகருகே நறுக்கி வைத்தால், இருபது வயது மூக்கும் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. ஆகவே நாக்குவாதம் பாதி மட்டுமே நிற்கும்.

தேநீர்க் கடைகளில் ஆதிக்கம் செலுத்துவது உரவாதம். ‘எல்லாம் உரம், மருந்து’ என்ற மூன்றே சொல்லில் முடிந்துவிடுவதால் அது தேநீர் ஆறுவதற்குள் நிறுவப்பட்டுவிடுகிறது. செடியின் வேருக்கோ யூரியாவில் வந்த தழைச்சத்தும் ஆட்டுப்புழுக்கையில் வந்த தழைச்சத்தும் கடைசியில் ஒரே உப்புகளாகத்தான் போய்ச் சேர்கின்றன. ஆனால் தழைச்சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்த செடி வேகமாகப் பெருத்து, காயில் நீரை ஏற்றிக்கொள்கிறது. செம்மண் காட்டில் கிணறு வற்றி, அரைவயிறு தண்ணீரில் காய்த்த தக்காளி சிறுத்துப்போனாலும் இனிப்பும் புளிப்பும் அதில் இறுகி நிற்கும். விளைச்சல் கூடக்கூடச் சத்து நீர்த்துப்போகும் இந்தப் போக்கை அமெரிக்காவின் டொனால்ட் டேவிஸ் குழு 2004-இல் எடுத்துக்காட்டியது. 43 தோட்டப் பயிர்களுக்கு 1950-இலும் 1999-இலும் வெளியான அரசு அட்டவணைகளை ஒப்பிட்டதில் புரதம், சுண்ணாம்பு, இரும்பு உட்பட ஆறு சத்துகள் குறைந்திருந்தன. அவர்கள் அளந்தது சத்தை, ருசியை அல்ல என்ற நுட்பத்தைத் தேநீர்க் கடை பொருட்படுத்துவதில்லை. காரணம் பெரும்பாலும் ரக மாற்றமே என்று அக்குழு கருதியதையும் அது விட்டுவிடுகிறது.

ரகம் என்றதும் பெரியகுளம் வருகிறது. அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி, தேனியை ஒட்டிய அன்னஞ்சியின் உள்ளூர்த் தக்காளியில் சடுதிமாற்றம் உண்டாக்கிப் பி.கே.எம். 1 ரகத்தைத் தந்தது. தட்டையான உருண்டை, காயாக இருக்கையில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சைத் தோள். இந்தத் தோளில்தான் ஆய்வின் சுவையான பகுதி இருக்கிறது. பழம் முழுக்க ஒரே நிறமாகச் சிவக்க வேண்டும் என்று மேலைநாட்டு விதைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பச்சைத் தோள் இல்லாத செடிகளையே பொறுக்கி வளர்த்தார்கள். அந்தத் தோளை உண்டாக்கும் மரபணு எது என்பது 2012-இல் கண்டறியப்பட்டபோது, பழத்துக்குள்ளேயே பச்சையம் பெருக்கிச் சர்க்கரை சேர்க்கும் வேலையும் அதனுடையது என்று தெரிந்தது. நிறம் ஒழுங்காயிற்று, இனிப்பில் ஒரு பங்கு போயிற்று. 2017-இல் ஏறக்குறைய 400 தக்காளி ரகங்களை ஆராய்ந்தவர்கள், பழைய ரகங்களைக் காட்டிலும் புதியவற்றில் 13 மணப்பொருள்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருப்பதைக் கண்டார்கள். பழம் பெரிதாகப் பெரிதாக இனிப்பு குறையும் என்பதும் அவர்கள் முடிவு. தோளுள்ள தக்காளியைத் திண்டுக்கல் கடைகளில் ‘இன்னும் பழுக்கல’ என்று ஒதுக்குவோர் இந்த ஆய்வுகளைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது சாலைவாதம். அய்யலூரிலும் ஒட்டன்சத்திரத்திலும் தக்காளி பெட்டிக் கணக்கில் கைமாறுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையின் காய்கறியில் பெரும்பகுதி இரவோடு இரவாகக் கேரளத்துக்கு லாரி ஏறுவது. நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி அத்தனை தூரம் லாரியில் குலுங்கினால் பாலக்காட்டில் இறங்குவது சட்னி. ஆகவே செங்காயாகப் பறிக்கிறார்கள். செங்காய் பெட்டிக்குள்ளேயே சிவந்துவிடும். ஆனால் கொடியில் இருந்திருந்தால் ஏறியிருக்க வேண்டிய சர்க்கரை ஏறாது. இதில் வியப்பு, ஒட்டன்சத்திரத்துக்கு அரைமணி நேரத் தொலைவில் சாப்பிடுபவருக்கும் பாலக்காட்டுக்கென்று பறித்த பழமே கிடைப்பதுதான்.

வீட்டுக்கு வந்தபின் நடப்பது ருசி பற்றி வாதிடுவோரால் பெரிதும் மறைக்கப்படுகிறது, ஏனெனில் அவர்கள் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டி உண்டு. ஐந்து டிகிரியில் ஒரு வாரம் கிடந்த தக்காளியை வெளியே எடுத்து வைத்தாலும் மணம் தரும் மரபணுக்களில் சில மறுபடி முழுமையாக விழிப்பதில்லை என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஞாயிற்றுக்கிழமை வாங்கி அடுத்த சனிக்கிழமை ரசம் வைத்துவிட்டு உரத்தைத் திட்டுவது இப்பகுதியின் நிலைபெற்ற வழக்கம். சாம்பாரில் சின்ன வெங்காயம் இருந்த இடத்துக்குப் பெரிய வெங்காயம் வந்ததும் இங்கேயே சேரும். அதற்கு மரபணு காரணமல்ல; உரிக்க ஆளில்லை.

முருங்கை தனிவழக்கு. பெரியகுளம் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதையிலிருந்து ஆறேழு மாதத்தில் காய்த்துச் சமவெளியைப் பிடித்துக்கொண்டது. கொல்லைப்புற மரமுருங்கையே ருசி என்போர் இன்றும் பலர். ஆனால் அவர்களில் மரம் வைத்திருப்போர் சிலரே. பக்கத்து வீட்டு மரத்துக் காய்க்கு இலவசம் என்ற கூடுதல் ருசி உண்டென்பதால் அவர்களின் சாட்சியம் இங்கு ஏற்கப்படவில்லை.

எஞ்சுவது கட்டைவிரல். விவசாயிக்கு எடைக்குக் காசு. கமிஷன் கடைக்கு அழுகாத பெட்டிக்குக் காசு. லாரிக்காரருக்கு நேரத்துக்குக் காசு. இந்தச் சங்கிலியில் ருசிக்கென்று ஒரு ரூபாய் எங்கும் கைமாறுவதில்லை. கடைசிக் கண்ணியான வாங்குபவர் கூடையின் முன் நின்று தக்காளியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். அமுங்கினால் விடுகிறார், கல்லாக நின்றால் எடுக்கிறார். மாம்பழம் வாங்கும்போது காம்பருகே முகர்ந்து பார்க்கும் அதே மனிதர்தான் இவர். வாங்கும் இடத்தில் விரலும் சாப்பிடும் இடத்தில் மூக்குமாக இரு வேறு நீதிமன்றங்கள் நடப்பதால், விதைக் கம்பெனிகள் முதல் நீதிமன்றத்தின் தீர்ப்பையே பின்பற்றுகின்றன. காசு அங்கேதான் கொடுக்கப்படுகிறது.

இதற்கு விலக்காக, 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் திண்டுக்கல்லுக்கும் ஒரு சந்தை உண்டு. விடிகாலையில் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் முதல்நாள் பறித்ததைத் தராசில் வைக்கிறார்கள். தோள் பச்சையாக, வடிவம் கோணலாக, தொட்டால் அமுங்குகிற நாட்டுத் தக்காளி அங்கே கிடைக்கும். எட்டு மணிக்கு மேல் போகிறவருக்குக் கெட்டித் தக்காளிதான் மிஞ்சும்.