பென்டிரைவின் இன்னொரு மூளை

கே: போன், டிவி எல்லாவற்றுக்கும் அப்டேட் வருகிறது. பென்டிரைவுக்கு மட்டும் ஏன் இல்லை?

ப: அதற்குள்ளும் ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் புரோகிராம், உண்டு. நினைவகச் சிப்புக்குப் பக்கத்தில் கன்ட்ரோலர் என்று ஒரு குட்டி மூளை. எந்த டேட்டா சிப்பில் எங்கே, எந்தப் பகுதி கெட்டுவிட்டது என்ற கணக்கெல்லாம் அதன் கையில். அதற்கான ஃபர்ம்வேரைத் தொழிற்சாலையில் ஒருமுறை எழுதி அனுப்புவதோடு சரி.

கே: நெட்டில் கிடைக்கும் டூலை ஓட்டி ஃபர்ம்வேரை நாமே மாற்றலாமா?

ப: உள்ளே கல்யாண போட்டோ இருந்தால் தொடவே தொடாதீர்கள்! அவை தொழிற்சாலைக்காகச் செய்த டூல்கள். பொதுவாக இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அதோடு, ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒன்றுக்குள் ஃபிசான் கம்பெனியின் கன்ட்ரோலர் இருக்கும், இன்னொன்றுக்குள் சிலிக்கான் மோஷன் கம்பெனியுடையது இருக்கும். மாற்றி ஏற்றினால் டிரைவ் மொத்தமாகப் படுத்துவிடும். டேட்டா வேண்டுமென்றால் ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள்.

கே: 600 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ். வாங்கலாமா?

ப: வேண்டாம். ஃபர்ம்வேரைத் திருத்திப் பொய்க் கணக்குச் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவதாகவே காட்டும். திறந்தால் ஃபைல் கெட்டுப்போயிருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராம் முழுக்க எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

கே: ஜெராக்ஸ் கடையில் செருகிவிட்டு வந்தால் ஃபார்மட் செய்துவிடுகிறேன். போதும்தானே?

ப: சாதாரண வைரஸுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் ஃபார்மட் ஃபர்ம்வேரைத் தொடாது, ஆன்டிவைரஸும் அதைப் படிக்காது. 2014 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் இந்த ஆபத்தைத்தான் காட்டினார்கள். ஃபர்ம்வேரை மாற்றி எழுதிய பென்டிரைவ், 'நான் கீபோர்டு' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டு தானே கட்டளைகளை டைப் செய்தது. அதற்கு 'பேட் யுஎஸ்பி' என்று பெயர். சில வாரங்களில் ஆடம் காடில், பிராண்டன் வில்சன் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் ஃபிசான் கன்ட்ரோலர் ஒன்றில் இப்படிச் செய்வதற்கான நிரலையே வெளியிட்டுவிட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மெயிலில் அனுப்பிவிடுவதே நல்லது.

கே: தப்பிக்க வழியே இல்லையா?

ப: உண்டு. டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரை ஏற்க மறுக்கும் டிரைவ்கள் விற்கின்றன, விலைதான் அதிகம். சாதாரண டிரைவுக்கும் அந்தப் பூட்டைக் கம்பெனிகள் போட்டே ஆக வேண்டும்.