நடுநிசி போஜனம்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இரவுப் பேருந்துகள், திண்டிவனத்தைத் தாண்டி, விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியையும் கடந்து விழுப்புரத்தை நெருங்கும் சமயத்தில், பிரயாணிகளின் பசியைக் காட்டிலும் ஓட்டுநரின் சௌகரியத்தை உத்தேசித்தே ஏதேனுமொரு சாலையோர உணவகத்தில் நின்றுவிடுவது நெடுங்கால சம்பிரதாயம். அங்கே அவருக்கும் நடத்துநருக்கும் தனியறையில் ராஜோபசாரம் இனாமாக நடக்க, அதன் கிரயத்தையும் சேர்த்தே, ஓரம் விறைத்த பரோட்டாவுக்கும், நிறத்தால் மட்டுமே சாம்பாரென்று அனுமானிக்கத்தக்க திரவத்துக்கும் நாம் முன்பணம் செலுத்தி டோக்கன் பெறுகிறோம். நல்லெண்ணெய் மினுங்கும் புளியோதரையை மோர்மிளகாய் சகிதம் வாழையிலையில் வீட்டார் கட்டிக்கொடுத்தபோது, ‘இந்தக் காலத்தில் யார் கட்டுச்சோறு தூக்குகிறார்கள்?’ என்று கௌரவம் பார்த்து மறுத்த கனவான்கள்தாம், பக்கத்து இருக்கைப் பாட்டியம்மாள் பொட்டலம் பிரிக்கும் வாசனைக்கு முதலில் விழித்துக்கொள்கிறார்கள். ‘ஒரு வாய் எடுத்துக்கோ, தம்பி’ என்று அவர் நீட்டும்போது, கௌரவம் எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போயிற்றென்று தெரிவதில்லை.